360 மீட்டர் வடக்கே

எட்டு மாதம் இழுத்த வேலை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, ஒரு பி-24டி லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாடல். பறக்கிற நிலையில் இல்லை; லிபியப் பாலைவனத்தில் வயிற்றால் சறுக்கி, இறக்கைக்குப் பின்னால் இரண்டாக உடைந்து கிடக்கிற நிலையில். பெயர் ‘லேடி பி குட்’. மாடல் கட்டுகிறவர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகக் கதையையும் வேலையோடு சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு அவை தனித்தனியாக வரவும் இல்லை. ஒவ்வொரு பாகத்தை ஒட்டும்போதும் அந்த இரவின் ஒரு துண்டு கூடவே வந்தது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943 ஏப்ரல் 4, பிற்பகல். லிபியாவின் பெங்காசிக்குப் பக்கத்தில் சொலுக் என்ற ஊரின் மண் ஓடுதளத்திலிருந்து அமெரிக்காவின் 376ஆவது குண்டுவீச்சுக் குழு, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பியது. முதல் அணியில் 12 விமானங்கள், இரண்டாவதில் 13. லேடி பி குட் இரண்டாவது அணியில், கடைசியாக எழும்பியவற்றுள் ஒன்று. அன்று மணற்புயல். எஞ்சின்களுக்குள் மணல் போனதால் பல விமானங்கள் பாதியிலேயே திரும்பிவிட்டன. இது திரும்பவில்லை. விமானம் அந்தக் குழுவுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே இருந்த ஒன்பது பேருக்கும் சேர்ந்து போகிற முதல் போர்ப்பயணம். நேப்பிள்ஸை நெருங்கியபோது இருட்டிவிட்டது, இலக்கு தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் தனியாகிவிட்டார்கள். தளத்தைத் தாண்டிப் பறந்து, பாலைவனத்துக்குள் 700 கிலோமீட்டர் போய், எரிபொருள் தீரும் நேரத்தில் ஒன்பது பேரும் குதித்தார்கள். விமானம் ஆளில்லாமல் மேலும் 26 கிலோமீட்டர் பறந்து, தானாகவே தரையில் இறங்கிக் கிடந்தது. 15 ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை.

என்ன கட்டுவது என்பது சுலபமாக முடிவாயிற்று. எந்த நேரத்தைக் கட்டுவது என்பதில்தான் ஒரு மாதம் போனது. நமக்குக் கிடைக்கிற படங்கள் எல்லாம் 1959இல் எடுத்தவை. 1958இல் பிரிட்டிஷ் எண்ணெய் தேடும் குழு ஒன்று வானிலிருந்து பார்த்தது. அடுத்த ஆண்டு தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். மே மாதம் அமெரிக்க விமானப்படையின் குழு வந்தது. அந்தப் படங்களில் வண்ணம் வெளுத்து, காற்றுமணல் தேய்த்த உலோகம் தெரிகிறது. நான் பார்த்தவரை பலரும் அதைத்தான் கட்டுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது 1943 ஏப்ரல் 5, விடியற்காலை. எஞ்சின் சூடு இன்னும் முழுக்க ஆறாத நேரம். ஏனென்றால் அந்த நேரத்தில் எட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள், வடக்கே, கொஞ்ச தூரத்தில். இந்த ஒரு முடிவு பிறகு செய்த எல்லாவற்றையும் மாற்றியது.

கிட் (மாடலின் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கி உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே அறுத்துவிட்டேன். இதை யாராவது செய்வதாக இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள்: ஒட்டிய பிறகு அறுக்காதீர்கள். உள்ளே கை போகாது. இறக்கையின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு கோடு போட்டு, ஊசியால் பலமுறை கீறி, அப்புறம் மெல்லிய ரம்பத்தால் பாதி தூரம் அறுத்து, மீதியைக் கையால் வளைத்து உடைத்தேன். கையால் உடைத்த பகுதிதான் நன்றாக வந்தது. உலோகம் கிழியும்போது நேர்கோட்டில் கிழிவதில்லை.

அதோடு முடியவில்லை. கிட்டின் பிளாஸ்டிக் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதை 72ஆல் பெருக்கினால் நிஜத்தில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் சுவர் ஆகிவிடும். நிஜ விமானத்தின் தோலோ ஒரு மில்லிமீட்டர் அளவு அலுமினியத் தகடு. எனவே உடைந்த விளிம்பிலிருந்து உள்ளே ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்துக்கு உப்புத்தாளாலும் வளைந்த கத்தியாலும் சுரண்டினேன். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு. அப்புறம் மாத்திரை அட்டையின் பின்பக்க ஃபாயிலைக் கிழித்து விளிம்பில் ஒட்டி, பல்குச்சியால் உள்ளும் வெளியும் மடக்கினேன். விலா எலும்புகள் மாதிரி உள்ளே ஓடும் சட்டங்களுக்கு, ஸ்ப்ரூவை (கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குச்சி) மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்துக்கொண்டேன். இந்த ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்புக்கு மட்டும் மூன்று வாரம். பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

லிபரேட்டரின் வயிறு ஏன் இப்படி உடைகிறது என்பது வேலை செய்யும்போதுதான் எனக்குக் கையால் புரிந்தது. இறக்கை உடலின் மேல்பகுதியில், தோள் உயரத்தில் இருக்கிறது. வயிற்றால் இறங்கினால் அடியை வாங்க இறக்கை இல்லை, எல்லாம் உடல்மேல். அந்த உடலின் நடுவிலோ குண்டுகள் தொங்கும் பெரிய வெற்றிடம். அதன் கதவுகள் வெளியே திறப்பவை அல்ல. கடை ஷட்டர் போலச் சுருண்டு பக்கச் சுவரோடு மேலே போகும். முன்னும் பின்னும் போக நடுவில் ஒரே ஒரு ஒடுக்கமான நடைபலகை. அகலம் ஒன்பது அங்குலம். 1/72இல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அதை பிளாஸ்டிக் பட்டையில் வெட்டி ஒட்டியபோது, பாராசூட் கட்டிக்கொண்டு இருட்டில் அதன்மேல் ஒரு ஆள் எப்படி நடந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

டெல்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள நம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் வயிற்றுக்கு அடியில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். போர் முடிந்ததும் கான்பூரில் விட்டுவிட்டுப் போன லிபரேட்டர்களை விமானம் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனம் பெங்களூரில் சரிசெய்து பறக்கவைத்தது. 1968 வரை நம் விமானப்படை அவற்றை ஓட்டியது. இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கிற லிபரேட்டர்களில் பல, இங்கிருந்து போனவை. அந்த அருங்காட்சியகத்தில் இருப்பது பிந்திய வகை, மூக்கில் சுழல் துப்பாக்கிக் கூண்டு உண்டு. டி வகைக்கு மூக்கு கண்ணாடி. ஆனால் உருவத்தின் பருமன், தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள சொற்ப இடைவெளி இதெல்லாம் எந்தப் படத்திலும் பிடிபடாதது. நேரில் பார்த்ததால்தான், கீழே கிடக்கும் விமானத்தை எந்த அளவுக்கு மணலில் அழுத்துவது என்ற தீர்மானம் எனக்குத் தயங்காமல் வந்தது.

இப்போது ஒரு சின்னப் பாகத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் எழுதப் போகிறேன். விமானத்தின் முதுகில் மாங்கொட்டை வடிவத்தில் ஒரு மூடி ஒட்ட வேண்டும். மாடலில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் இருப்பது திசைகாட்டும் வானொலியின் வளைய ஆண்டெனா. எந்த நிலையத்திலிருந்து அலை வருகிறதோ அந்தப் பக்கம் முள் திரும்பும். நள்ளிரவு தாண்டி 12 நிமிடம் இருக்கும்போது, விமானி வில்லியம் ஹாட்டன் தளத்தைக் கூப்பிட்டுச் சொன்னது இந்தக் கருவி வேலை செய்யவில்லை என்பதைத்தான். திசை கேட்டார். பெங்காசி அருகே பெனினாவில் இருந்த தரை நிலையம் அவருடைய குரலை வைத்து அளந்து 330 டிகிரி என்று சொன்னது. அதாவது வடமேற்கு. நேப்பிள்ஸிலிருந்து வருகிறவன் வடமேற்கில் இருக்க வேண்டியதுதானே? யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் ஒற்றை வளைய ஆண்டெனா ஒரு கோட்டைத்தான் சொல்லும். அந்தக் கோட்டில் நீங்கள் முன்பக்கம் இருக்கிறீர்களா பின்பக்கமா என்று அதற்குத் தெரியாது. தெருவில் கண்ணை மூடி நிற்கிறவனுக்கு ஒரு குரல் தெரு நீளத்துக்குக் கேட்கிறது, மேற்கிலிருந்தா கிழக்கிலிருந்தா என்று தெரியவில்லை, அப்படி. ஹாட்டன் அந்த நேரத்தில் தளத்தைத் தாண்டி, அதே கோட்டின் மறுபக்கத்தில், தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தார். தளம் இன்னும் முன்னால் இருப்பதாக நம்பி, நேராக ஓட்டினார். மேலே சத்தம் கேட்டுத் தளத்தில் வெளிச்சக் குண்டுகள் சுட்டார்கள், விமானத்திலிருந்தவர்கள் பார்க்கவில்லை. இரவில் பாலைவனமும் கடலும் ஒரே கறுப்பு. இன்னும் இரண்டு மணி நேரம் பறந்தார்கள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று படிக்கிறவர்கள் கேட்பதுண்டு. எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. முதல் பயணம், மணல் தின்ற எஞ்சின்கள், மேகம், பதிலளிக்காத ஒரு முள். தரையில் இருந்தவர் அளந்ததும் தவறில்லை, கோடு சரியான கோடுதான். அந்த மாங்கொட்டையை ஒட்டிவிட்டுப் பசை காயும்வரை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி போதும் அதற்கு. நான் அதிக நேரம் பிடித்திருந்தேன்.

எஞ்சின்களுக்கு வருகிறேன். நான்கும் பிராட் அண்ட் விட்னி, 14 சிலிண்டர். விமானத்தைக் கண்டுபிடித்தபோது மூன்று எஞ்சின்களின் விசிறிகள் ‘ஃபெதர்’ நிலையில் இருந்தன. ஓடாத எஞ்சினின் விசிறி காற்றில் சுழன்று இழுவை தராதபடி, அலகுகளைத் திருப்பி, காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டி நிறுத்துவது அது. நான்காவது எஞ்சின் தரையைத் தொடும்வரை ஓடியிருக்கிறது. கிட்டில் விசிறி ஒரே வார்ப்பாக வரும், பறக்கும் கோணத்தில். எனவே ஒன்பது அலகுகளையும் அடியில் வெட்டி, அரை மில்லிமீட்டர் துளை போட்டு, குண்டூசித் துண்டு செருகி, திருப்பி ஒட்டினேன். முதல் விசிறியில் மூன்று அலகும் மூன்று கோணத்தில் போய்விட்டது. அட்டையில் ஒரு சின்ன ஜிக் செய்துகொண்ட பிறகுதான் சரியாக வந்தது: நடுவில் ஆணி, சுற்றிலும் 120 டிகிரிக்கு மூன்று கோடு, ஒவ்வொரு கோட்டிலும் அலகு நிற்க ஒரு பிளவு. நான்காவது விசிறியின் அலகுகளைச் சுடுநீரில் காட்டி வளைத்தேன். தீயில் காட்டாதீர்கள், முனை உருகிவிடும்.

வண்ணம். பாலைவன லிபரேட்டர்களின் மேல்பக்கத்துக்கு அடித்தது சாண்ட் 49 என்ற நிறம், அடியில் நியூட்ரல் கிரே. சாண்ட் என்றால் நம் கண்ணுக்கு வருகிற மஞ்சள் மணல் இல்லை அது. இளஞ்சிவப்பு கலந்தது; வெயிலில் இன்னும் சிவந்து தெரியும். ஓஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில், இதே 376ஆவது குழுவில் பறந்த இன்னொரு பி-24டி நிற்கிறது. அதன் படங்களைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு ரோஜா நிறம். நான் டாமியா கம்பெனி வண்ணங்களில் எக்ஸ்எஃப்-57 பஃப் நிறத்தில் எக்ஸ்எஃப்-2 வெள்ளையும் எக்ஸ்எஃப்-7 சிவப்பும் சேர்த்துக்கொண்டேன். சிவப்பு சொட்டுச் சொட்டாகத்தான்; ஒரு சொட்டு கூடினாலும் பால்கோவா நிறம் சதை நிறமாகிவிடும். ஐந்து முறை கலந்து, ஐந்தையும் பழைய இறக்கை ஒன்றில் அடித்து, மொட்டை மாடியில் காலை வெயிலிலும் மதியத்திலும் வைத்துப் பார்த்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

புதிய விமானம் என்பதால் கறை பூசுவதில் கையைக் கட்டிக்கொண்டேன். இங்கேதான் பழக்கம் இழுக்கிறது: உடைந்த விமானம் என்றதும் துருவும் அழுக்கும் அப்பத் தோன்றும். ஆனால் இது அன்று காலைவரை புத்தம் புதியது. 12 மணி நேரம் பறந்ததன் தடம் மட்டும் வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலும் எஞ்சின் கூடுகளின் வாயிலும், மணற்புயலில் தேய்ந்த மாதிரி, ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றினேன். எஞ்சின்களுக்குப் பின்னால் எண்ணெயும் புகையும் ஒரு கோடு. வயிற்றோரம் புதிதாகச் சிராய்த்த வெள்ளி. அவ்வளவுதான். மூக்கில் 64 என்ற எண்ணையும் பெயரையும் 000 பிரஷ்ஷால் கையாலேயே எழுதினேன். நிஜத்திலும் யாரோ கையால் எழுதியதுதானே.

மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் அடித்த அன்று காற்றில் ஈரம் அதிகம். பத்து நிமிடத்தில் இறக்கை முழுக்க வெள்ளைப் படலம் பூத்துவிட்டது. பயந்துபோனேன். துடைக்கவில்லை, அதுதான் நல்லதாயிற்று. இரண்டு நாள் காயவிட்டு, மேலே ஒரு கை பளபளப்பு வார்னிஷ் அடித்ததும் படலம் மறைந்தது. அப்புறம் வெயில் நாளாகப் பார்த்து மறுபடி மேட். மழைக்காலத்தில் செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விமானி அறையைத் திறந்து காட்டவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு பொருள் வைத்தேன். 1959இல் போன குழு உள்ளே ஏறிப் பார்த்தபோது துப்பாக்கிகள் சுடும் நிலையில் இருந்தன. வானொலி வேலை செய்தது. தண்ணீரும் உணவும் இருந்தன. ஒரு தெர்மாஸ் பிளாஸ்கில் இருந்த தேநீர் இன்னும் குடிக்கிற பக்குவத்தில் இருந்தது. பாராசூட் மட்டும் ஒன்றுகூட இல்லை. நான் வைத்தது அந்த பிளாஸ்க். நான்கு மில்லிமீட்டர் நீளம், ஸ்ப்ரூ துண்டைத் தேய்த்து உருட்டி, மூடிக்கு ஒரு வளையம் கீறி, சாம்பல் நிறம் பூசி. என் மகள் ஆறாம் வகுப்பு. அவள்தான் இடுக்கியால் பிடித்து உள்ளே வைத்தாள்.

“வெளியே இருந்து தெரியாதேப்பா?”

“தெரியாதும்மா.”

“அப்ப எதுக்கு?”

“அது அங்கதான் இருந்துச்சு. அதான்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி மூக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாள். பிளாஸ்கின் ஓரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது என்றாள்.

அடித்தளத்தில் ஒரு பெரிய தவறு செய்து, முழுக்கப் பிய்த்து எறிந்து, மறுபடி செய்தேன். பாலைவனம் என்றதும் தெர்மாகோலில் அழகாக மணல்மேடுகள் செதுக்கிவிட்டேன். இரண்டு வார வேலை. விமானத்தை வைத்துப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. ஒரு மணல்மேட்டில் மோதியிருந்தால் விமானம் இப்படியா கிடக்கும்? நொறுங்கியிருக்கும். படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விமானம் கிடந்த இடம் மணல்மேடுகள் இல்லாத சரளைச் சமவெளி. தட்டை. அடிவானம் வரை ஒன்றுமே இல்லாத தட்டை. கலன்ஷியோ மணற்கடலின் மேடுகள் அதற்கு வடக்கே, வெகு தூரத்தில். இது வெறும் நிலவியல் விவரம் இல்லை. உயிரோடு இருந்த எட்டுப் பேரும் முதல் நாட்களில் எப்படி அவ்வளவு வேகமாக நடந்தார்கள், பிறகு ஏன் நின்றுபோனார்கள் என்பதற்கு விடையே இதில்தான் இருக்கிறது.

துணை விமானி ராபர்ட் டோனர் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஓரிரு வரி. ஞாயிறு: வழி தவறினோம், எரிபொருள் தீர்ந்தது, குதித்தோம், யாருக்கும் பெரிய காயமில்லை, ஜானைக் காணவில்லை. ஜான் என்பது குண்டு வீசும் பொறுப்பில் இருந்த ஜான் வொராவ்கா. திங்கள்: வடமேற்கே நடக்கத் தொடங்கினோம், அரை கேன்டீன் (ராணுவத் தண்ணீர்க் குடுவை) தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு ஒரு மூடி. செவ்வாய்: 15 நிமிடம் நடை, 5 நிமிடம் ஓய்வு. வியாழன்: மணல்மேடுகளை அடைந்தோம். அன்றிலிருந்துதான் எழுத்தே மாறுகிறது. எல்லோரும் சோர்ந்துவிட்டார்கள், வானொலி இயக்குபவர் லாமோட்டின் கண் போய்விட்டது, மற்றவர்களுக்கும் கண் சரியில்லை. வெள்ளி: ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி முன்னே போனார்கள். மீதி ஐந்து பேரால் நகர முடியவில்லை. அதன்பின் ஒரே இடம். இரவுக் குளிர். ஞாயிறன்று, தண்ணீர் இருந்தால் பிழைத்துவிடுவோம் என்று எழுதுகிறார். நாக்கை நனைக்கிற அளவுதான் மிச்சம். ஏப்ரல் 12, திங்கள்: இன்னும் உதவி வரவில்லை, மிகக் குளிர்ந்த இரவு. அதுதான் கடைசி.

அமெரிக்க ராணுவக் கேன்டீன் ஒன்று ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அரை கேன்டீன் என்றால் நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு, இரண்டரை. அடித்தளத்துக்கு ஃபெவிகால் கரைக்க நான் எடுத்த தண்ணீரே அதைவிட அதிகம். அளந்துவிட்டு அன்று வேலையை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது அடித்தளம் இப்படி: 60க்கு 60 சென்டிமீட்டர் எம்.டி.எஃப். பலகை. வெட்டிக் கொடுத்த ஆசாரியிடம் பிறகு படம் காட்டியபோது, “சார், பாதிப் பலகை சும்மா கிடக்கே, ஏதாவது வெக்கலாமே” என்றார். அந்தப் பாதி சும்மாதான் கிடக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முயன்றேன். ஆற்று மணலை மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலித்து, தூளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சல்லடையில் நின்ற பொடிக் கற்களை அங்கங்கே தூவினேன். 1/72இல் ஒரு மணல் பருக்கைகூடக் கைக்கு அடங்காத கல் ஆகிவிடும், ஜாக்கிரதை. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டால் மணல் கலையாமல் குடிக்கும். சறுக்கிய தடத்தை ஐஸ் குச்சியால் இழுத்தேன். அதைத் தவிர ஒரு காலடிச் சுவடுகூட இல்லை.

மனித உருவங்கள் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. விமானம் இறங்கியபோது உள்ளே யாரும் இல்லை. அப்போது அவர்கள் எங்கே? இந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிறு காலை கால்குலேட்டரை எடுத்தேன். 26 கிலோமீட்டரை 72ஆல் வகுத்தால் 360 மீட்டர். நல்லவேளை எங்கள் தெரு கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு, போனில் தூரம் பார்த்தபடி நடந்தேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டி, இஸ்திரி வண்டி நிற்கிற வேப்பமரத்தடியில் 360 ஆயிற்று. அங்கே, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் எட்டுப் பேர். என் மேசைமேல் தண்ணீரும் சாப்பாடும் ஓடுகிற வானொலியும். அவர்களுக்கு விமானம் எங்கே போனது என்றே தெரியாது. கடல் பக்கத்தில் இருப்பதாக நம்பினார்கள். அதனால் வடமேற்கே, விமானத்துக்கு முதுகைக் காட்டி நடந்தார்கள்.

வொராவ்காவை 1960 ஆகஸ்டில் கண்டெடுத்தார்கள், விமானத்துக்கு வடகிழக்கே 19 கிலோமீட்டரில். பாராசூட் சரியாக விரியவில்லை. என் கணக்கில் 270 மீட்டர். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், அடுத்த தெருவில். மற்றவர்கள் அவரைக் காணாமல் கிளம்பிய இடத்துக்கும் அவர் கிடந்த இடத்துக்கும் நடுவே இருட்டும் சரளையும் மட்டும்.

“மத்தவங்க எங்கப்பா?” என்றாள். நடந்தோம். ஹாட்டன், டோனர், வழிகாட்டி ஹேஸ், லாமோட், ஆடம்ஸ் ஐந்து பேரும் ஒன்றாகக் கிடந்த இடம் விமானத்திலிருந்து கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். 1960 பிப்ரவரியில் எண்ணெய் தேடுகிறவர்கள் பார்த்தார்கள். எங்களுக்கு அது 1.8 கிலோமீட்டர், ரயில்வே கேட். முந்தைய ஆண்டு தேடிய குழுவுக்கு அவர்கள் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் மனிதன் அவ்வளவு தூரம் நடப்பான் என்று யாரும் நினைக்கவில்லை. வழியெல்லாம் அவர்கள் விட்டுப்போன அடையாளங்கள் மட்டும் கிடைத்திருந்தன, பாராசூட் துணியை அம்புக்குறியாக வைத்து மேலே கல் பாரம் ஏற்றி. ஷெல்லியையும் ரிப்ஸ்லிங்கரையும் 1960 மே மாதத்தில் கண்டார்கள். அந்த ஐவரிடமிருந்து இன்னும் 30 கிலோமீட்டருக்கும் மேல், மணல்மேடுகளுக்குள். கேட்டைத் தாண்டி 400 மீட்டருக்கு அப்பால். வெர்னன் மூர் கிடைக்கவில்லை. அவர்கள் தேடிப் போன சொலுக் தளம் எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதுவரை நாங்கள் போகவில்லை. கேட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். மகள் வழியெல்லாம் பேசாமல் வந்தாள்.

விமானத்திலிருந்து கழற்றிய பாகங்களைப் பொருத்திய வேறு விமானங்கள் விபத்துக்குள்ளானதாக ஒரு சாபக் கதை சுற்றுகிறது. விபத்துகள் நடந்தது உண்மை. அவற்றிலும் ஆட்கள் இறந்தார்கள். ஆனால் அதைச் சாபமாக்கிச் சொல்வதை நான் வெறுக்கிறேன். நாளுக்கு ஒரு மூடித் தண்ணீரில் நடந்தவர்களைப் பேய்க்கதையின் ஓரத்தில் நிறுத்துகிற வேலை அது. 1994இல் மிச்சமிருந்த உடலை லிபியர்கள் பாலைவனத்திலிருந்து எடுத்து டோப்ருக்கில் ஒரு ராணுவத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். விசிறி ஒன்று லாமோட்டின் ஊரான மிஷிகன் மாநில லேக் லிண்டனில் இருக்கிறது. சமவெளியில் இப்போது விமானம் இல்லை.

கடைசி வேலை பெயர்ப்பலகை. விமானத்தின் பெயர், 41-24301 என்ற எண், தேதி, ஒன்பது பெயர்கள். வில்லியம் ஹாட்டன், ராபர்ட் டோனர், டி.பி. ஹேஸ், ஜான் வொராவ்கா, ஹரால்ட் ரிப்ஸ்லிங்கர், ராபர்ட் லாமோட், கை ஷெல்லி, வெர்னன் மூர், சாமுவேல் ஆடம்ஸ். இதை முன்பக்கம் ஒட்டினேன். பலகையின் வடக்கு விளிம்பில், மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு அம்புக்குறி வெட்டிப் பதித்து, பக்கத்தில் ‘360 மீட்டர்’ என்று மட்டும் பொறித்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபின் கூடத்து அலமாரிமேல் ஏற்றினோம். பெட்டி சுவருக்கு நேராக உட்காரவில்லை. அம்பு வடக்கே பார்க்க வேண்டுமென்றால் ஒரு மூலை வெளியே துருத்துகிறது. மனைவி பெருக்கும்போது அதை நேராக்கிவிட்டாள். மாலையில் பள்ளியிலிருந்து வந்த மகள் போனில் திசைகாட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்து, “அம்மா, இதத் திருப்பாதீங்க” என்று சொல்லி, மறுபடி கோணலாக்கி வைத்தாள். அப்படியே இருக்கிறது.